மவுண்ட் தாமத மீமாம்ஸை: அம்பத்தூர்ப் பட்டறைகளில் கோப்புப் பகிர்வு நிகழும் விதம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்குரிய பெரிய விஷயங்களையெல்லாம் வித்வான்கள் நமக்கு முன்பே பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். கல்வெட்டை ஒருவர் எடுத்துக்கொண்டார். காவிரிப்பூம்பட்டினத்தை மற்றொருவர் எடுத்துக்கொண்டார். சங்கப் புலவர்களின் காலத்தைப் பற்றியோ, இனி ஒருவர் வாயைத் திறப்பதற்கும் இடமில்லாதபடி இரு கட்சியாரும் நூல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலை வேளையில் கணினியை முடுக்கிவிட்டு, சர்வரிலுள்ள டிராயிங் ஃபோல்டர் திரையில் தோன்றும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருடைய அவஸ்தை ஒன்றே, எந்தச் சர்வகலாசாலையாலும் தீண்டப்படாத விஷயமாக எஞ்சி நிற்கக் கண்டு, அதை ஆராயத் துணிந்தோம்.

விஷயத்தின் எல்லையை முதலில் வரையறுப்பது மரபு. ஒரு யந்திரத்தின் வட்டில் இருக்கும் கோப்புகளை மற்றொரு யந்திரம் தன்னுடையவை போலப் பாவித்துக் கையாளும்பொருட்டு, அவற்றைத் தன் கோப்பு மரத்தின் ஒரு கிளையில் ஒட்டிக்கொள்ளும் கிரியைக்கு மவுண்ட் என்று பெயர். ஒட்டிக்கொண்ட பிறகு வேலை மெதுவாக நடப்பது வேறு வியாதி; அதற்கு வைத்தியர் வேறு. ஒட்டிக்கொள்வதற்கே காலம் பிடிக்கிறது என்பதுதான் பிரஸ்தாபத்தில் உள்ள வியாதி. இவ்விரண்டையும் ‘நெட் ஸ்லோ’ என்ற ஒரே வாக்கியத்தால் குறிப்பிடும் வழக்கம் பாடி முதல் திருமழிசை வரையில் பரவியிருப்பதால், இந்தப் பேதத்தை ஆரம்பத்திலேயே வற்புறுத்த வேண்டியதாயிற்று.

1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தோன்றிய பிரதேசமாகிய அம்பத்தூரில், 1960களில் அமைந்த தொழிற்பேட்டையின் சந்துகளில், பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் நெருக்கமாக இருக்கின்றன. இவற்றுள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. சி.என்.சி. யந்திரத்துக்குப் புரோகிராம் எழுதுகிற மேஜையில் லினக்ஸ். முதலாளியின் குமாரர் டிசைன் படித்துவிட்டு வந்தபடியால் அவர் அறையில் மாக். தரப் பரிசோதனை மேஜையிலே, யாரோ ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் விலையில்லாமல் பெற்று, பிற்பாடு வேலைக்கு வரும்போது கூடவே கொண்டுவந்த மடிக்கணினி, அதிலே சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக, மாடிப்படியின் அடியில், தூசு படிந்த பெட்டியொன்றில் ஃப்ரீபிஎஸ்டியின் மேல் அமைந்த ஃப்ரீநாஸ் என்னும் கோப்பு சர்வர். இதை நிறுவிக் கொடுத்த சிஸ்டம்காரர் இப்போது வளைகுடா நாட்டில் இருக்கிறார். இத்தகைய பெட்டிகளை நிறுவியவர்கள் அனைவரும் வளைகுடா நாட்டில் இருப்பதேன் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

இந்த யந்திரங்கள் யாவும் ஒரே குலத்தவை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிவைத்த யூனிக்ஸ் என்னும் மூதாதையின் வழியில், பெர்க்லி சர்வகலாசாலைக் கிளையிலிருந்து ஃப்ரீபிஎஸ்டியும், அதே கிளையின் சம்பந்தத்தோடு மாக்கும் வந்தன. 1991-இல் பின்லாந்து மாணாக்கர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸோ, ரத்த சம்பந்தம் இல்லாவிடினும் குலாசாரத்தை அப்படியே அனுசரித்துத் தத்துப் பிள்ளையாகச் சேர்ந்தது. ஒரே குலத்தவை என்பதால் இவற்றுக்குள் ஒற்றுமை இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் பங்காளிக் காய்ச்சல் என்ற ஒன்றைக் கேள்விப்படாதவர்கள்.

சரித்திரப் பின்னணியைச் சொல்லாமல் ஆராய்ச்சி நிறைவுபெறாது. உற்பத்திச் சாதனங்கள் சமூகத்துக்குப் பொதுவாக வேண்டும் என்ற கருத்தோடு சோஷலிஸ பாணிச் சமுதாயத்தை லட்சியமாக ஏற்ற தீர்மானம், யூ.என். தேபர் தலைமையில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் நிறைவேறிற்று. அந்த மகாசபை கூடியது நமது ஆராய்ச்சிக் களத்துக்கு அடுத்துள்ள ஆவடியில். கோப்புகளும் பொதுவாக வேண்டும் என்ற தீர்மானத்துக்கு வருவதற்கு மேலும் முப்பது வருஷங்கள் சென்றன. 1980களின் மத்தியில் கலிபோர்னியாவிலுள்ள சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியார் என்.எஃப்.எஸ். என்ற ஏற்பாட்டை வகுத்தார்கள். அதன் இரண்டாம் பதிப்பின் விதிகள் 1989-லும், மூன்றாம் பதிப்பின் விதிகள் 1995-லும், நான்காம் பதிப்பின் விதிகள் 2000-லும் அச்சேறின. சன் கம்பெனியார் ஆவடித் தீர்மானத்தைப் படித்திருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும், பொதுவுடைமை என்று அறிவித்துவிட்டுப் பிறகு யார் யாருக்கு எந்த அளவுக்குப் பொது என்பதற்கு நீண்ட அனுமதிப் பட்டியல் எழுதுகிற முறை இரண்டிலும் காணக்கிடக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

என்.எஃப்.எஸ்.ஸுக்கு அடிப்படையாக இருப்பது ஆர்.பி.சி. என்பது. தொலைவிலுள்ள ஒருவரிடம் ஒரு காரியத்தைச் செய்யும்படி விண்ணப்பித்து, விடை வரும் வரை காத்திருப்பது என்று அதன் சாரத்தைச் சொல்லலாம். இதை மேனாட்டார் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வது நம்மவருடைய பராமுகத்தின் விளைவேயாகும். பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்துவந்த காலத்தில், ராமாநுஜர் தம் மனத்திலிருந்த ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டுச் சொல்லும்படி அவரை வேண்டிக்கொண்டதும், பெருமாள் ஆறு வார்த்தைகளை அருளிச்செய்து அவர் மூலமாகவே அனுப்பியதும் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் பிரசித்தம். கேட்பவர் ஒருவர், விடையளிப்பவர் ஒருவர், இடையே செய்தியைச் சிதையாமல் கொண்டு செல்பவர் ஒருவர் என்னும் அமைப்பு அங்கே பூரணமாக இருக்கிறது. ராமாநுஜர் தம் ஐயங்கள் இன்னவை என்று வெளியிட்டுச் சொல்லாமலிருந்தும் விடை வந்துவிட்டது. நம் பட்டறையிலோ கேள்வியை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பியும் விடை வரவில்லை. பத்து நூற்றாண்டுகளில் இந்தத் துறை அடைந்த முன்னேற்றம் இவ்வளவே.

இனி, தாமதத்துக்குக் காரணம் கூறுவோர் பல கட்சியினர். கேபிள்வாதிகள் முதலாமவர். கம்பியை எலி கடித்திருக்கும் என்பது அவர்கள் மூல சூத்திரம்; தொழிற்பேட்டையில் எலிகள் இருப்பது பிரத்தியட்சமாதலால் இவர்களை எளிதில் மறுக்க முடியாது. அடுத்தவர்கள் ஸ்விட்ச்வாதிகள்: பழைய ஸ்விட்சைக் கழற்றிப் புதியது போட்டால் சரியாகும் என்பார்கள். இவர்களிற் பலர் ஸ்விட்ச் விற்பவர்கள் என்பதால் அவர்களுடைய சாட்சியத்தை ஜாக்கிரதையாகவே எடைபோட வேண்டும். ரீஸ்டார்ட்வாதிகள் காரணத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுவது அவர்கள் சாதனை, போட்டபின் ஏதாவது ஒன்று வேறுவிதமாக நடந்தால் அது சித்தி. எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளி ஒரு கட்சி. ‘லினக்ஸே வேணாம்னு அப்பவே சொன்னேன்’ என்பது அவருடைய கொள்கை. அவர் அப்போது அப்படிச் சொன்னதை நினைவில் வைத்திருப்பவர் வேறு எவரும் இல்லை.

இக்கட்சிகள் யாவற்றையும் ஒரே பரீட்சையால் நிராகரித்துவிடலாம். பிங் செய்து பார்த்தால் சர்வரிலிருந்து ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் மறுமொழி வருகிறது. காத்திருந்து மவுண்ட் ஆனபின் பெரிய டிராயிங் கோப்பைத் திறந்தால், அது தடையின்றிப் பாய்ந்து வருகிறது. கம்பி கெட்டிருந்தால் பிங்கும் தடுமாற வேண்டும். ஸ்விட்ச் கெட்டிருந்தால் கோப்பும் தவழ வேண்டும். இரண்டும் இல்லை. ஆகையால் இங்கே எந்த யந்திரமும் மெதுவாக வேலை செய்யவில்லை. எல்லாம் சும்மா இருக்கின்றன. சர்வரின் செயலியைப் பார்த்தால் அது உழைப்பதற்கான அடையாளமே இல்லை; வட்டின் விளக்கு மினுக்கவில்லை. வேகம் குறைந்தவனை விரைவுபடுத்தலாம். ஒருவன் எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தால், எதற்காகக் காத்திருக்கிறான் என்று கேட்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

இந்த இடத்தில் ஆராய்ச்சியாளருக்குத் தேவையான கருவி கைக்கடிகாரம். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும், யந்திரங்கள் எல்லாம் ஓடும் பகலிலும் ஆளில்லாத இரவிலும், தாமதம் மாறாமல் ஒரே அளவாக இருக்குமானால் அது இயற்கையின் செயல் அல்ல. நெரிசலால் விளையும் தாமதம் கூடும், குறையும்; எலி கடித்ததால் விளையும் தாமதத்துக்கு ஒழுங்கே இராது. ஐந்து, பத்து, இருபது, தொண்ணூறு என்று முழு எண்ணாகத் தாமதம் வந்து நிற்குமானால், எங்கோ ஒரு நிரலாளர் ‘இத்தனை விநாடி பார், பிறகு விட்டுவிடு’ என்று எழுதிவைத்த கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது துணிபு.

யார் யாரை எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உவமையைக் கையாள அனுமதி வேண்டுகிறோம். தொழிற்பேட்டையிலுள்ள ஒரு பெரிய கம்பெனியின் வாயிலில் நீங்கள் போய் நிற்கிறீர்கள். காவலர் கதவைத் திறக்கத் தயாராகவே இருக்கிறார். உங்களுடைய வண்டி எண் அனுமதிப் பட்டியலில் இருப்பதையும் அவர் பார்த்துவிட்டார். ஆனாலும் ரெஜிஸ்தரில் உங்கள் பெயரை எழுத வேண்டும் என்பது விதி. பெயரை உங்களிடம் கேட்கக் கூடாது, வண்டி எண்ணைச் சொல்லி உள்ளே ஆபீஸுக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும் என்பது உபவிதி. ஆபீஸ் போனவாரமே வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய எண்ணில் மணி அடிக்கிறது. அடித்து ஓய்ந்ததும் காவலர் இரண்டாவது எண்ணைச் சுழற்றுகிறார். அதுவும் பழைய கட்டடத்ததே. விதிக்கப்பட்ட தடவைகள் முயன்று முடித்தபின், பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை என்று அவர் கதவைத் திறந்துவிடுகிறார்!

ஃப்ரீபிஎஸ்டியில் மவுண்ட்டி என்ற பின்னணி நிரல் இந்தக் காவலர். விண்ணப்பம் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்ததோ, அந்த முகவரிக்கு உரிய பெயர் என்ன என்று அது டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேட்டில் தலைகீழாகத் தேடுகிறது. தேட வேண்டிய டி.என்.எஸ். சர்வர்களின் முகவரிகள் ரிசால்வ் காஃப் என்ற கோப்பில் உள்ளன. பட்டறையில் பழைய பிராட்பேண்டு இருந்த காலத்தில், அதை அளித்த கம்பெனியாரின் இரண்டு டி.என்.எஸ். முகவரிகளைச் சிஸ்டம்காரர் கையாலேயே சர்வரில் எழுதிவைத்துவிட்டு விமானம் ஏறினார். பிற்பாடு வேறொரு கம்பெனியாரின் ஃபைபர் வந்தது. மற்றக் கணினிகள் புதிய ரவுட்டரிடமிருந்து புதிய முகவரிகளைத் தாமாகவே பெற்றுக்கொண்டன. சர்வருக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை. தங்கள் சந்தாதாரர் அல்லாதவர் கேட்கும் கேள்வியைப் பழைய கம்பெனியாரின் யந்திரங்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. சர்வர் தானாக இணையத்துக்குப் போவதில்லையாகையால் இந்தக் குறை வேறு எந்த வழியிலும் வெளிப்படவில்லை.

கணக்கு இப்போது தெளிவாகிறது. பெயர் தேடும் நூலகத்தின் வழக்கமான ஏற்பாட்டின்படி ஒரு சர்வரிடம் கேட்டுவிட்டு 5 விநாடி காத்திருக்க வேண்டும். பட்டியல் முழுவதையும் 2 சுற்று கேட்க வேண்டும். இரண்டு சர்வர், இரண்டு சுற்று, ஐந்து விநாடி: ஆக, ஒரு பெயரைத் தேடிக் கிடைக்காமற் போவதற்கு 20 விநாடி. கேட்கிற யந்திரத்தின் பொறுமை அதற்குள் தீர்ந்து அது மறுபடி கேட்டதானால் இருபது மேலும் பெருகும். லினக்ஸ், மாக் ஆகிய பங்காளிகளின் பொறுமை வெவ்வேறு அளவினதாகையால், சர்வரிலுள்ள ஒரே குற்றம் வெவ்வேறு மேஜைகளில் வெவ்வேறு தாமதங்களாகத் தோன்றுகிறது. உடனே, ‘மாக்ல சீக்கிரம் வருது, உன் சிஸ்டத்துலதான் கோளாறு’ என்ற வழக்கு எழுகிறது.

லினக்ஸே சர்வராக இருக்கும் பட்டறைகளில் இந்தக் குற்றம் சற்றே மறைவாக வரும். அங்கே அனுமதிப் பட்டியலில் ஐபி முகவரிகளை மட்டும் எழுதியிருந்தால் பெயர் விசாரணை அவசியப்படாது. இன்ன டொமைனைச் சேர்ந்த எல்லாரும் வரலாம் என்று நட்சத்திரக் குறியிட்டு எழுதிவிட்டாலோ, வந்தவர் அந்த டொமைனைச் சேர்ந்தவர்தானா என்று அறிவதற்காகத் தலைகீழ்த் தேடல் தொடங்கிவிடும். தாராளமாக எழுதிய அனுமதி, கஞ்சத்தனமாக எழுதிய அனுமதியைவிட அதிக விசாரணைக்கு உட்படுவது ஆபீஸ் நடைமுறை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

நம் சித்தாந்தத்துக்கு வலுவூட்டும் எதிர் உதாரணங்கள் உண்டு. லினக்ஸ் கணினி மவுண்ட் செய்யப் புகும்போது நான்காம் பதிப்பின் உச்சத்திலிருந்து தொடங்கி, சர்வர் மறுக்க மறுக்க ஒவ்வொரு படியாக இறங்கி மூன்றாம் பதிப்புக்கு வருகிறது. இத்தனை மறுப்பு வாங்கியும் கண்ணிமைக்கும் நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. காரணம், சர்வர் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து இல்லை என்கிறது. மாக் கணினி 1024-க்கு மேற்பட்ட போர்ட் எண்ணிலிருந்து பேச, சர்வர் அதற்குக் கீழ்ப்பட்ட எண்ணிலிருந்து வந்தால்தான் நம்புவேன் என்னும். அப்போதும் அனுமதியில்லை என்ற செய்தி தட்சணமே வந்துவிடுகிறது. ரிஸ்வ்போர்ட் என்ற விருப்பக் குறிப்பை மவுண்ட் கட்டளையோடு சேர்த்துவிட்டால் தகராறு தீர்ந்தது. ஃபயர்வாலில் வேண்டாத பொட்டலத்தைத் திருப்பியனுப்பும் விதி ஒன்று, ஓசைப்படாமல் விழுங்கிவிடும் விதி மற்றொன்று என இரண்டு உள. பாதுகாப்பு மிகுந்தது என்று கருதி எல்லாரும் பிந்தியதையே தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தச் சேவை எந்த வாயிலில் என்று சொல்லும் போர்ட்மேப்பருக்குரிய 111-ஆம் எண் வாயிலில் இந்த விழுங்கும் விதி அமர்ந்திருந்தால், மூன்றாம் பதிப்புக்காரர் அங்கே கேட்ட கேள்வியும் மணி அடித்து ஓய்ந்த போனின் கதியையே அடையும். பட்டறைக்குள்ளே, சொந்த மேஜைகளுக்கு இடையே, எதிரியிடம் நடந்துகொள்வதுபோல மௌனம் சாதிப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதை நம்மால் உணரக்கூடவில்லை.

மாக்குக்கே உரிய விசேஷ வியாதி ஒன்றையும் தொட்டுச் செல்லலாம். பட்டறையின் உள்வலைக்குப் பெயர் சூட்டும்போது பலரும் கடைசியில் ‘லோக்கல்’ என்று முடிப்பது வழக்கம். 2013-இல் வெளிவந்த விதி நூலொன்று, அந்த ஈற்றை டி.என்.எஸ். சர்வர் இல்லாமல் அக்கம்பக்கத்து யந்திரங்களையே கூவிக் கேட்டறியும் முறைக்கென ஒதுக்கிவைத்துவிட்டது. ஆகவே மாக், சட்டத்தை மதித்து, முதலில் வலை முழுவதும் கூவிப் பார்த்துக் காத்திருக்கிறது. சட்டம் தெரியாதவர்களுக்குக் காரியம் உடனே நடக்கிறது.

சிகிச்சையை விரித்துரைக்க வேண்டியதில்லை. நோயை நிர்ணயிப்பதில்தான் சிரமம். வலையில் போகிற வருகிற பொட்டலங்களைக் காட்டும் டி.சி.பி.டம்ப்பைச் சர்வரில் ஓடவிட்டு, ஒருவரை மேஜையில் மவுண்ட் கட்டளையை அடிக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால், விண்ணப்பம் வந்ததும், 53-ஆம் எண் வாயிலை நோக்கி ஒரு கேள்வி வெளியே போனதும், அதன்பின் ஒன்றும் நிகழாமல் இருப்பதும், ஐந்து விநாடி கழித்து அதே கேள்வி மறுபடி போவதும் ஐயத்துக்கிடமின்றித் தெரியும். பின்பு சர்வரின் டி.என்.எஸ். முகவரியைப் புதிய ரவுட்டருக்கு மாற்றினால் போதும். அப்படிப் பெயரில்லை என்று ரவுட்டர் சொன்னாலும் சரியே. அந்தச் சொல் உடனே வந்துவிடுகிறதே! ரவுட்டரையும் நம்பாதவர்கள், ஒவ்வொரு மேஜைக்கும் நிலையான முகவரி கொடுத்து, அம்முகவரிகளையும் பெயர்களையும் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவைக்கலாம். தேடல் அங்கேயே முடிந்துவிடும். ஃப்ரீநாஸில் அந்தக் கோப்பை நேரே திருத்தினால், அடுத்த முறை பெட்டியை எழுப்பும்போது திருத்தம் மறைந்துபோகும்; நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் இதற்கென்றே உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். கோப்பில் எழுதிவிட்டு மறுநாள் அதைக் காணாமல் செய்வினை என்று சந்தேகித்தவர்கள் உண்டு.

இத்தனையும் சரிசெய்த பட்டறையிலும், மின்வாரியத்தார் பத்திரிகையில் அறிவித்துவிட்டு மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கிற நாளில் தாமதம் தலைகாட்டும். மின்சாரம் வந்தவுடன் எல்லா யந்திரங்களும் ஏககாலத்தில் விழிக்கின்றன. மேஜைக் கணினிகள் இளமையின் வேகத்தில் முன்னே எழுந்து, வட்டுகளைச் சோதித்துக்கொண்டே நிதானமாக எழும் சர்வரைத் தேடுகின்றன. எஃப்ஸ்டாப் கோப்பில் சாதாரணமாக மவுண்ட்டை எழுதிவைத்திருந்தால் சிஸ்டம்டி என்னும் நிர்வாகி 90 விநாடி பார்த்துவிட்டுக் கைவிடுகிறார். சர்வர் லினக்ஸாக இருந்து, நான்காம் பதிப்பும் நடப்பதாயின், அது எழுந்தபின்னும் ஒரு 90 விநாடி உண்டு: பழைய வாடிக்கையாளர் தாங்கள் முன்பு போட்டிருந்த பூட்டுகளை மீட்டுக்கொள்ளும்பொருட்டு, அந்த நேரத்தில் புதிதாக எவருக்கும் கோப்பு திறந்து கொடுப்பதில்லை என்று அது விரதம் காக்கிறது. விரதத்தில் குறுக்கிடலாகாது, அடிக்கடி ரீஸ்டார்ட் செய்யும் கட்சியார் ஒவ்வொரு தடவையும் விரதத்தை முதலிலிருந்து தொடங்கிவைக்கிறார்கள்.

இந்த நாளுக்கு ஏற்றது, மவுண்ட் வரியில் ‘பிஜி’ என்ற இரண்டெழுத்தைச் சேர்ப்பது. அப்போது கணினி, கிடைக்காத சர்வருக்காகத் தன் மற்ற வேலைகளை நிறுத்தாமல், பின்னணியில் முயன்றுகொண்டே இருக்கும். முன்னணியில் நின்று கேட்பவர் 2 நிமிஷத்தில் ஓய்ந்துபோக, பின்னணியில் கேட்பவர் 10,000 நிமிஷம் வரையில் ஓய்வதில்லை என்று லினக்ஸ் கையேடு கூறுகிறது; அது ஒரு வாரத்துக்கு எண்பது நிமிஷம் குறைவு என்பதையும் கையேட்டுக்காரரே கணக்கிட்டுக் குறித்திருக்கிறார். வாரச் சம்பளம் போடுகிற தொழிற்பேட்டைக் கணக்கப்பிள்ளை எவரும் அந்த எண்பது நிமிஷத்தைப் பிடித்தம் செய்யாமல் விடமாட்டார்.